டுப்ரொவ்னிக் கூரைகளும் என் இருபத்து மூன்றாவது வரியும்

குரோஷியாவுக்கான என் பட்டியலில் நாற்பத்தொரு வரிகள் இருந்தன. நாற்பது வரிகளில் இடங்கள், சாப்பாடு, பஸ் நேரங்கள், எந்தக் கடற்கரையில் கல், எந்தக் கடற்கரையில் மணல் என்பவை. இருபத்து மூன்றாவது வரி மட்டும் வேறு மாதிரி:

"டுப்ரொவ்னிக் மதில். வடமேற்குக் கோபுரத்தின் உச்சி. மாலை நான்கு மணி, இங்கே ரொறன்ரோவில் காலை பத்து. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அப்பாவுக்கு வீடியோ கோல். கூரைகளை இடமிருந்து வலமாக, மெதுவாகக் காட்டவும். கதைக்க வேண்டாம்."

அந்த வரியை வேறொருத்தி செய்து முடித்தாள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பழைய கட்டடங்களைப் பரிசோதிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் எனக்கு வேலை. சென் ஜேம்ஸ் ரவுண் மாதிரியான இடங்களில் நிற்கும் உயரக் கட்டடங்களுக்குப் போய், எந்தப் பால்கனியில் வெடிப்பு, எந்தக் கூரையில் ஒழுக்கு, எங்கே கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறது என்று இலக்கமிட்டு எழுதுவேன். குறை திருத்தப்பட்டால் அதற்கு எதிரே தேதியும் திருத்தியவரின் பெயரும் வரும். திருத்தப்படாவிட்டால் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். இந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. அம்மா கடைக்குப் போகச் சொன்னாலும் எனக்கு இலக்கம் போட்டுத்தான் எழுத வரும்.

வேலையில் என் பக்கத்து மேசையில் வரைபடம் வரைகிற பெண்மணி ஒருவர் இருக்கிறார். அறுபதை நெருங்கியவர். குரோஷியாவின் கடற்கரையில் சடார் என்ற ஊரில் பிறந்தவர். தொண்ணூறுகளில் அங்கே யுத்தம் நடந்தபோது புருஷனோடு ரொறன்ரோவுக்கு வந்திருக்கிறார். தன் நாட்டைப் பற்றிக் கதைப்பதற்கு அவருக்குச் சின்னச் சாட்டு போதும். மனேஜர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தால், "அது நாங்கள் கொடுத்தது" என்பார். முந்திய காலத்தில் பிரான்ஸுக்குச் சண்டைக்குப் போன குரோஷியச் சிப்பாய்கள் கழுத்தில் கட்டியிருந்த துணியைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பழகினார்களாம். "உலகத்து ஆம்பிளைகளைக் கழுத்தில் கயிறு போட்டு நடத்தியது நாங்கள்தான். நன்றி சொல்ல ஒருத்தரும் இல்லை."

அவருடைய மேசையில் டுப்ரொவ்னிக் நகரத்தை மேலிருந்து எடுத்த படம் ஒன்று இருந்தது. கடல், சுற்றிவரக் கல்மதில், மதிலுக்குள்ளே நெருக்கமாக ஓட்டுக்கூரைகள். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, "நல்ல வடிவான இடம்" என்று சொன்னேன்.

"வடிவு இருக்கட்டும். நீ கட்டடம் பார்க்கிற ஆள். அந்த ஓட்டில் எத்தனை நிறம் என்று சொல்லு."

படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டு நிறம். சில கூரைகள் வெளிறிய மஞ்சளும் சாம்பலும் கலந்தவை, ஓட்டுக்கு ஓடு வித்தியாசம். மிச்சமெல்லாம் ஒரே மாதிரியான பளிச்சென்ற செம்மஞ்சள்.

"வெளிறினது பழைய ஓடு. பளிச்சென்று இருப்பது ஷெல் விழுந்த பிறகு போட்டது" என்றார். "எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்று அந்த மதிலில் நின்றால் தெரியும். பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் வடிவு என்று படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும். எங்களுக்கும் அவர்கள் வரத்தானே வேண்டும்."

அன்று பின்னேரம் அந்தப் படத்தை என் ஃபோனில் பிடித்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா பத்தொன்பது வருஷம் ஸ்காபரோ வீடுகளின் கூரைக்கு ஷிங்கிள் என்ற தார்த்தகடு அடித்தவர். முழங்கால் இரண்டும் அந்தச் சரிவுகளில்தான் போயின. இப்போது டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்ட்டின் பால்கனியில் இருந்து எதிரே உள்ள வரிசை வீடுகளின் கூரைகளைப் பார்த்துக் குறை சொல்வதுதான் அவருடைய வேலை. அவர் எதையும் பார்க்க ஆசைப்பட்டு நான் கண்டதில்லை. நயாகராவுக்கே எங்களுக்காகத்தான் வருவார், வந்து காருக்குள் இருப்பார்.

அன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"உது கையால செய்த ஓடு. பாத்தியோ, ஒண்டைப்போல ஒண்டு இல்லை. உது மெசின் ஓடு. உந்த மூலையில ஆரோ மழைக்கு முந்தி அவசரப்பட்டுப் போட்டிருக்கிறாங்கள்." படத்தை இன்னும் பெரிதாக்கினார். "ஊரில எங்கட வீட்டுக் கூரையும் ஷெல்லடியில ஒரே நாளில போனது. திரும்பப் போடுறதுக்கு நாங்கள் அங்க இருக்கேல்ல. உவங்கள் இருந்து போட்டிருக்கிறாங்கள்." பிறகு ஃபோனைத் திருப்பித் தந்துகொண்டு சொன்னார்: "உதை நேர பாக்கவேணும், பிள்ளை."

அந்த மதிலில் ஏறி இறங்க ஆயிரத்துக்கு மேல் படிகள். அப்பாவுக்கு எங்கள் கட்டடத்தின் முன்வாசல் நாலு படியே பெரும்பாடு. அதனால்தான் இருபத்து மூன்றாவது வரி. அப்பாவுக்கு அதைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் நின்று, திடீரென்று எடுத்துக் காட்டவேண்டும் என்று வைத்திருந்தேன். சொன்னது ஒருத்திக்கு மட்டும்தான்.

அவள் எனக்கு நாலாம் வகுப்பிலிருந்து தோழி. அவர்களும் டோர்செட் பார்க்கில் எங்கள் மாடியில்தான் இருந்தார்கள், மூன்று கதவு தள்ளி. பல்கலைக்கழகத்துக்குப் பஸ்ஸில் ஒன்றாகத்தான் போய்வந்தோம். பிறகு அவர்கள் ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிப் போனார்கள். அவள் கார் ஓடப் பழகினாள், நான் பஸ்ஸிலேயே இருந்துவிட்டேன். ஆனாலும் ஒவ்வொரு சனியும் வருவாள். அவளுக்கும் எனக்கும் சேர்த்துத்தான் அந்தப் பயணம்.

"எடியே, லிஸ்ற்றைக் காட்டு" என்று வந்து விழுவாள், என் கட்டிலில். நான் வாசிப்பேன். சடாரில் கடற்கரைப் படிகளுக்குக் கீழே குழாய்கள் பதித்திருக்கிறார்கள், அலை அடித்தால் படி பாடும். ஸ்பிளிற் நகரத்தில் ரோம் சக்கரவர்த்தி ஒருவர் ஓய்வுகாலத்துக்குக் கட்டிய மாளிகை, இன்றைக்கும் அதற்குள்ளே ஆட்கள் வீடுவாசலோடு இருக்கிறார்கள், தூண்களுக்கு நடுவே உடுப்புக் காயப்போடுகிறார்கள்.

"சக்கரவர்த்தி ரிட்டயர் பண்ணி என்ன செய்தவராம்?"

"முட்டைக்கோவா நட்டவராம்."

"எங்கட அப்பாவும் ஸ்ரௌவ்வில்ல அதைத்தான் செய்யிறார். ஆனா மாளிகை இல்லை. சரி, குளிக்கிறது எப்ப? பிளிட்விட்சே ஏரியில, அந்தப் பச்சைத் தண்ணியில நான் குதிக்கவேணும்."

"அங்க குளிக்கக் கூடாது. பதினோராம் வரியில போட்டிருக்கிறன்."

"உன்னோட போறது பொலிஸோட போறமாதிரியடி."

இருபத்து மூன்றாவது வரியை வாசித்த அன்று மட்டும் அவள் பகிடி விடவில்லை. எழும்பியிருந்து, "அங்கிள் அழுவார்" என்றாள். "அழமாட்டார், குறை சொல்லுவார்" என்றேன். இரண்டுபேரும் சிரித்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையிடத்துப் பெண்மணி எங்கள் இருவரையும் மிசிசாகா பக்கம் அவர்களுடைய ஆட்கள் கூடும் மண்டபம் ஒன்றுக்குக் கூட்டிப்போனார். முழு ஆட்டைக் கம்பியில் குத்திச் சுற்றி வாட்டிக்கொண்டிருந்தார்கள். பாக் என்ற தீவின் பாற்கட்டி வெட்டித் தந்தார்கள். அங்கே குளிர்காற்று கடலுப்பை அள்ளிவந்து புல்லில் பூசுமாம், அதைத் தின்கிற செம்மறியின் பால் இது. சாப்பாட்டுக்குப் பிறகு ஏழெட்டு ஆண்கள் அரைவட்டமாக நின்று, ஒருவரின் தோளில் ஒருவர் கைபோட்டு, வாத்தியம் ஒன்றும் இல்லாமல் பாடினார்கள். அவர்களில் ஒருவர் பார்வைக்கு ஏதோ பிட்ஸாக் கடை முதலாளி மாதிரி இருந்தார். பாடும்போது வேறு ஆள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகும்போது பெண்மணி எங்களுக்கு ஒரு சிவப்பு இதயத்தைக் காட்டினார். தேன்மாவில் செய்து, சிவப்புப் பூசி, வெள்ளைச் சீனிக் கோலம் போட்டு, நடுவில் சின்னக் கண்ணாடி பதித்தது. சாக்ரெப் பக்கத்தில் மனசுக்குப் பிடித்தவருக்குக் கொடுப்பார்களாம். "சாப்பிடக் கூடாது, வைத்திருக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் கொடுத்தவரின் மனதில் யார் இருக்கிறார் என்று தெரியும்."

அதை முப்பத்தெட்டாவது வரியாகச் சேர்த்தேன்.

பயணம் இரண்டு முறை தள்ளிப்போனது. முதல் முறை என் வேலையால். இரண்டாவது முறை, இந்த வருஷம் ஏப்ரலில், அவள் ஃபோன் எடுத்தாள். "லீவு தரமாட்டன் எண்டுறாங்களடி. அடுத்த வருஷம் பாப்பம். ஆனா லிஸ்ற்றை எனக்கு அனுப்பிவிடு, நான் ஆறுதலா வாசிக்கிறன்." அனுப்பினேன். அனுப்பும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது, ஒருநாளும் முழுதாக வாசிக்காதவள் வாசிக்கப்போகிறாள் என்று.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பெண்மணி தன் ஃபோனை என் மேசையில் வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எங்கள் சனத்தின் குழுவில் யாரோ போட்டிருக்கிறார்கள். பார், இது அன்றைக்கு உன்னோடு ஆடு சாப்பிட்ட பிள்ளைதானே? எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாள். உன் பட்டியலைக் கொடுத்தாயா? நல்ல மனசு உனக்கு."

அவளுடைய பக்கம்தான். அவள் பாடும் படிகளில் இருந்தாள். தூண்களுக்கு நடுவே, யாருடைய உடுப்புகளுக்கோ கீழே நின்றாள். பச்சைத் தண்ணீருக்குப் பக்கத்தில், "இங்கே குளிக்கக் கூடாது, முதலே சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருந்தாள். என் வரிகள், என் வரிசை. பக்கத்தில் ஒரு பெடியன், அவள் கையில் மோதிரம். அவனை நான் முன்பு கண்டதில்லை.

விரலால் மேலே தள்ளிக்கொண்டு போனேன். எது வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. வந்தது. பின்னேர வெயிலில் கூரைகள், சூரியன் முதுகுக்குப் பின்னால். கீழே எழுதியிருந்தாள்: "ரொறன்ரோவில் எங்களுக்குத் தெரிந்த ஒரு அங்கிள் கூரை வேலை செய்தவர். இங்கிருந்து அவருக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டினோம். ஒரு சொல் பேசவில்லை. அவர் அழுதுவிட்டார்."

"நல்லாத்தான் இருக்கு" என்று பெண்மணியிடம் சொன்னேன். ஃபோனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அன்று பின்னேரம் வரைக்கும் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அறுபது படங்களுக்கு இலக்கம் போட்டேன். ஒன்றில்கூடப் பிழை வரவில்லை.

வீட்டுக்குப் போனபோது அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார். சப்பாத்தைக் கழற்றாமல் கேட்டேன்.

"அவளுக்கு எப்ப எழுத்து நடந்தது?"

கலியாணப் பதிவை எங்கள் ஆட்கள் எழுத்து என்றுதான் சொல்வார்கள். அம்மாவின் கத்தி நின்றது. 'எவளுக்கு' என்று கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஜூலையில. வீட்டோடதான், சின்னனா. தாலிகட்டு வாற வருஷம்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்ரிதான், அவளின்ர தாய், வந்து சொன்னவ. முடியும்மட்டும் ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டு கேட்டவ."

"ஒருத்தருக்கும் எண்டா எனக்குமோ?"

அம்மா வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு சம்பந்தம் பொருந்தி வந்து குழம்பினது அவையளுக்கு, ஞாபகம்தானே. அதால பயம். நீயும் கலியாணம் சரிவராமல் இருக்கிற பிள்ளை. கண்ணூறு, கண் படும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. சும்மா, மனசு எண்டு ஒண்டு இருக்குத்தானே."

ஒருத்தரும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் வந்துவிட்டது, குசினிக்குள், வெங்காயத்துக்கு மேலே.

நியாயமாக இதையும் எழுதவேண்டும். நல்ல காரியம் முடியும்வரை வாய் திறக்காமல் இருப்பது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். வீட்டுத் திறப்பு கைக்கு வரும்வரை வீடு வாங்குவதைச் சொல்லமாட்டோம். விசா முத்திரை விழும்வரை பயணத்தைச் சொல்லமாட்டோம். வயிற்றுப்பிள்ளையை ஐந்தாம் மாதம்வரை சொல்லமாட்டோம். நானும் செய்திருக்கிறேன். என் தொழில் பரீட்சை முடிவு வந்து மூன்று கிழமை, சான்றிதழ் தபாலில் வரும்வரை, அவளுக்கே சொல்லவில்லை. இவளாவது கண்ணூறு போடுவதாவது என்று தெரியும், ஆனாலும் சொல்லவில்லை. அப்போதெல்லாம் அது மழைக்குக் குடை எடுப்பது மாதிரி என்று நினைத்தேன். குடைக்கு வெளியே நிற்கிற ஆள் நனையும் என்று நினைக்கவில்லை.

அப்பா பால்கனியில் இருந்தார். போய்ப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

"அவள் உங்களுக்கு வீடியோ கோல் எடுத்தவளாம்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதிகநேரம் பார்த்தார்.

"ஓம், ஒருநாள் எடுத்தவள். நான் ஒண்டும் வடிவாப் பாக்கேல்லப் பிள்ளை. லைன் விட்டு விட்டு வந்தது. தன்ர மூஞ்சியையும் அவன்ர மூஞ்சியையும்தான் காட்டினவள்."

"நீங்கள் அழுதனீங்கள் எண்டு எழுதியிருக்கிறாள்."

"எனக்குக் கண்ணில தண்ணி எப்பவும் வாறதுதானே. டொக்டர் துளிமருந்து தந்தவன்."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"கொம்மா சொல்லவேண்டாம் எண்டவ."

அன்று அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டேன். அப்பா பார்க்கவில்லை. அப்படியென்றால் இருபத்து மூன்றாவது வரி இன்னும் செய்யப்படவில்லை. கட்டம் வெறுமைதான். மற்ற நாற்பதும் போனால் போகட்டும், இது என்னிடம் இருக்கிறது.

அவள் அடுத்த சனிக்கிழமை வந்தாள். வழமையான நேரம், வழமையான மூன்று தட்டு. அவன் கீழே காருக்குள் இருந்தான். அவள் கையில் ஒரு பெட்டி. வந்து கட்டிலில் விழவில்லை. கதவோடு நின்றாள்.

"உனக்குத் தெரியும் எண்டு எங்கட அம்மா சொன்னவ" என்றாள். "நான் சொல்லத்தான் இருந்தனான். படம் போடமுதல் சொல்லவேணும் எண்டு இருந்தனான். பிறகு எல்லாரும் கேக்கத் தொடங்கிட்டினம்."

"லிஸ்ற்றை ஏப்ரலில கேட்டனீ."

"ஓம்."

"அப்பவே தெரியும்."

"ஓம்." அவள் பொய் சொல்லவில்லை, அதை ஒத்துக்கொள்ளவேண்டும். "உன்னட்டக் கேட்டிருந்தா நீ ஓம் எண்டுதான் சொல்லியிருப்பாய். நீ போடி, சந்தோஷமாப் போ எண்டு சொல்லியிருப்பாய். எனக்குத் தெரியும் உன்னை."

"அப்ப ஏன் கேக்கேல்ல?"

அவள் பெட்டியைக் கைமாற்றினாள். "அம்மா பயந்தவ. உனக்குத் தெரியும்தானே அவவை."

"நீ நம்புறியோ? என்ர கண் படும் எண்டு?"

"சீ, இல்லையடி. விசர்க்கதை." பிறகு, இருபது வருஷப் பழக்கத்தில் எனக்கு முகத்துக்கு நேரே உண்மை சொல்லியே பழகியவள் என்பதால், சொன்னாள்: "ஆனா, ஏன் ரிஸ்க் எண்டு…"

அந்த வசனத்தை அவள் முடிக்கவில்லை. என் வேலையில் நாங்கள் தினமும் எழுதுகிற சொல் அது. ஒரு கல் விழும் என்று நிச்சயமில்லை. ஆனாலும் கீழே யாரும் நடக்காமல் மஞ்சள் நாடா கட்டுவோம். என்னைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். எனக்கே தெரியாமல், ஏப்ரலிலிருந்து.

"இருபத்து மூண்டை விட்டிருக்கலாம்" என்றேன். "மிச்சம் நாப்பதும் எடுத்திருக்கலாம். அதை மட்டும் விட்டிருக்கலாம்."

"அங்கிளுக்காகத்தான் செய்தனான். அவர் பாக்கட்டும் எண்டு. நீ எப்ப போவியோ தெரியாது, அவருக்கும் வயசு போகுது." அவள் அழத் தொடங்கினாள். "நான் அங்க நிண்டு உன்னைத்தான் நினைச்சனான், சத்தியமா."

பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். முப்பத்தெட்டாவது வரி. சிவப்பு இதயம், நடுவில் கண்ணாடி. குனிந்து பார்த்தேன். என் மூக்கின் ஒரு பக்கமும், பின்னால் சீலிங் விளக்கும் தெரிந்தன. அதைப் பெட்டிக்குள் வைத்து மூடி, வேலைக்குக் கொண்டுபோய்ப் பெண்மணியிடம் கொடுத்தேன். அவர் வாங்கினார், கேள்வி கேட்கவில்லை. ஏதோ விளங்கியிருக்கவேண்டும். "எங்களிடமும் இப்படி ஆட்கள் உண்டு" என்று மட்டும் சொன்னார்.

அதோடு முடிந்திருக்கலாம். ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, எதிரே உள்ள வரிசை வீடுகளில் ஒன்றுக்குக் கூரை மாற்ற ஆட்கள் வந்தார்கள். அப்பாவுக்குத் திருவிழா. தேத்தண்ணியோடு பால்கனியில் இருந்தார், நான் பக்கத்தில் லப்டொப்போடு. பழைய ஷிங்கிளை உரித்துக் கீழே எறிந்தார்கள், பலகை தெரிந்தது.

"உவங்கள் இண்டைக்குள்ள மூடமாட்டாங்கள், பார். மழை வருது" என்றார் அப்பா. தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "கூரை இல்லாட்டி வீடு எவ்வளவு கெதியாச் செத்துப்போகும் தெரியுமோ. அங்க ஒண்டு அப்பிடித்தான் விட்டிருக்கிறாங்கள். சுத்திவர எல்லாம் நல்ல புது ஓடு, நடுவில ஒரு வீடு மட்டும் கூரையே இல்லை. சுவர் மாத்திரம். உள்ளுக்க ஒரு மரம் வளந்து நிக்குது. கடல் பக்கத்து மதிலோட, வலது கைப்பக்கம்."

நான் தட்டச்சு செய்வதை நிறுத்தினேன். அந்த வீடு பெண்மணியின் படத்தில் இல்லை. அந்தப் படம் எனக்கு ஓடு ஓடாகத் தெரியும்.

"எங்க, அப்பா?"

அவருக்கு விளங்கிவிட்டது. கோப்பையைக் கீழே வைத்தார்.

"வடிவாப் பாத்திருக்கிறீங்கள்" என்றேன்.

எதிரே ஒருவன் கூரையில் தார்த்தாளை விரித்தான். அப்பா அவனைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ வந்து கேட்ட மாதிரியைப் பாத்துத்தான் அப்பிடிச் சொன்னனான். பதினைஞ்சு நிமிஷம் காட்டினவள். கை ஆடாமல், மெல்ல மெல்ல. நான் நில்லு எண்டா நிண்டவள். பழைய ஓட்டுக்கும் புது ஓட்டுக்கும் நடுவில சாந்து பூசின இடம்கூடத் தெரிஞ்சுது."

"அது நான் எழுதிவச்சது. அப்பிடிக் காட்டவேணும் எண்டு."

"எனக்குத் தெரியாது பிள்ளை."

"அது நான்தான் காட்டவேணும் எண்டு உங்களுக்குத் தோணேல்லையோ? அவள் எடுக்கேக்க, பிள்ளை எங்கை எண்டு ஒருக்காக்கூட?"

அவர் யோசித்தார். சாட்டுத் தேடவில்லை, உண்மையாகவே யோசித்தார். அம்மாவும் அவளும் எனக்குச் சொன்ன எல்லாவற்றையும்விட அதுதான் பிறகு வலித்தது.

"இல்லை" என்றார். "அந்த நேரம் உன்னை நினைக்கேல்ல. கூரையைத்தான் பாத்தனான்."

எதிரே தார்த்தாளின் ஒரு ஓரம் காற்றுக்கு எழும்பியது, ஒருவன் முழங்காலை வைத்து அழுத்தினான். நான் கோபப்படவில்லை என்று சொல்லமுடியாது. கோபம் இருந்தது, ஆனால் அதற்கு எதிரே எழுத ஒரு பெயர் இல்லை. எல்லோரும் அவரவர் நியாயத்தோடு நின்றார்கள். அன்ரிக்குப் பயம், அம்மாவுக்குக் கொடுத்த சொல், அவளுக்கு அவசரம், அப்பாவுக்குக் கூரை. நான் மட்டும்தான் அந்த நியாயங்களின் கணக்கில் இல்லாமல் இருந்தேன்.

"நான் போறன், அப்பா" என்றேன். "மே மாசம். தனிய. ரிக்கற்றும் பாத்திட்டன்."

"நல்லது. போ." முகம் கொஞ்சம் தெளிந்தது. "போய் நிண்டு இன்னொருக்காக் காட்டு."

இன்னொருக்கா. நாலு வருஷம் நான் அவருக்கென்று வைத்திருந்தது முதல் தடவை.

"இல்லை. மதிலில ஏறுவன். ஆனா உங்களுக்கு எடுக்கமாட்டன்."

அப்பா தலையை ஆட்டினார். கெஞ்சவில்லை.  மழைத்துளி பால்கனிக் கம்பியில் விழத் தொடங்கியது. எதிரே அவர்கள் ஓட்டமாக ஏணியில் இறங்கினார்கள், பாதிக் கூரை திறந்தபடி. அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருக்கவேண்டிய ஆள். நான் லப்டொப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போக எழும்பியபோது சொன்னார்:

"அந்த வீட்டை ஏன் கூரை போடாமல் விட்டிருக்கிறாங்கள் எண்டு அவளுக்குத் தெரியேல்ல. பிறகு அவளிட்டக் கேட்டுப் பாத்தனான்."



அறைக்குள் போய்ப் பட்டியலைத் திறந்து இருபத்து மூன்றாவது வரியை அழித்தேன். கீழே இருந்தவை எல்லாம் ஒவ்வொரு வரி மேலே ஏறின. இப்போது இருபத்து மூன்றில் ஸ்டொன் என்ற சின்ன ஊரின் உப்பு வயல் இருக்கிறது. மொத்தம் நாற்பது. கடைசி வரிக்குக் கீழே இன்னொரு வரி திறந்து, "கூரையில்லாத வீடு, கடல் பக்கம்" என்று எழுதினேன். பழைய வரியில் "அப்பாவுக்கு" என்று இருந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.